மூன்றாவது முடிச்சும் தெரிய வேண்டும்

கல்யாணப் படம் எடுக்கத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு இளைஞனுக்கும் முதல் சில வாரங்களிலேயே ஒரு அறிவுரை கிடைத்துவிடுகிறது. "தம்பி, 85 எஃப் 1.4 இல்லாம கேண்டிட் பண்றேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதே." கொஞ்சம் வசதி உள்ளவர்கள் எஃப் 1.2 என்பார்கள். பணம் இல்லையா, தவணையில் வாங்கு. தவணை கட்ட முடியாதா, இரண்டு ஆர்டரின் அட்வான்ஸைத் தூக்கி அதில் போடு. எஃப் 1.8 லென்ஸ் பொழுதுபோக்குக்கு எடுப்பவர்களுக்கு, தொழிலுக்கு ஆகாது. சீனியர்கள் இப்படிச் சொல்கிறார்கள், கடைக்காரரும் இதையே சொல்கிறார், வீடியோ போட்டு விளக்குபவர்களும் இதையே சொல்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு இது விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாகவே ஆகிவிட்டது.

இதை நான் முழுக்க மறுக்கிறேன். கையில் குறைந்த பணத்தோடு இந்தத் தொழிலுக்கு வருகிறவர் போர்ட்ரெய்ட்டுக்கு வாங்க வேண்டியது எஃப் 1.8 லென்ஸ்தான். அதை வேறு வழியில்லாமல் வாங்கும் இரண்டாந்தரச் சரக்காக நினைக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் உண்மையில் என்ன நடக்கிறது, ஆல்பத்தில் வீட்டுக்காரர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்தால் அந்த வேலைக்குப் பொருத்தமான லென்ஸ் அதுதான் என்பது தெரியும்.

முதலில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஃபிலிம் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. கேமராவில் மாட்டிய ரோல் 100 ஐ.எஸ்.ஓ. அல்லது 400 ஐ.எஸ்.ஓ. அந்த ரோல் முடியும்வரை அதை மாற்ற முடியாது. மங்கலான வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க ஒரே வழி லென்ஸின் வாயை அகலமாகத் திறப்பதுதான். அன்றைக்கு எஃப் 1.4க்கும் 1.8க்கும் உள்ள வித்தியாசம் ஒரு படம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசமாக இருந்திருக்கும். இன்று ஒவ்வொரு படத்துக்கும் ஐ.எஸ்.ஓ.வை மாற்றிக்கொள்ளலாம். கடந்த பத்தாண்டில் வந்த ஃபுல் ஃபிரேம் பாடி எதிலும் 3200 பயமில்லாமல் வைக்கலாம், 6400 கூட ஆல்பத்துக்குத் தாங்கும். 2023 ஏப்ரலில் லைட்ரூமிலேயே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இரைச்சலைக் குறைக்கும் வசதி வந்துவிட்டது. காரணம் போய்விட்டது, அறிவுரை மட்டும் தங்கிவிட்டது.

பிறகு ப்ரீ-வெட்டிங் ஷூட் வந்தது. கடற்கரையிலோ தேயிலைத் தோட்டத்திலோ ஜோடியை நிறுத்தி, பின்னணியை வெண்ணெயாய்க் கரைத்து எடுக்கும் படங்கள் கைப்பேசித் திரையில் எடுப்பாகத் தெரிந்தன. அங்கே நேரம் உண்டு, மறுபடி எடுக்கலாம், அசையாதீர்கள் என்று சொல்லலாம். அந்தப் படங்களை வைத்துத்தான் ஒருவருடைய திறமை அளக்கப்படுகிறது. அந்த அளவுகோலை முகூர்த்த நேரத்து மேடைக்குக் கொண்டுவந்ததில்தான் தவறு தொடங்கியது.

மேடைக்கே வருவோம். கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை இரண்டு கைகளையும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோகிறார். பெண் தலை குனிந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்காகக் கையை நீட்டிக்கொண்டு குனிகிறார், பக்கத்தில் ஒருவர் விளக்கைப் பிடித்திருக்கிறார். அட்சதை எல்லாத் திசையிலிருந்தும் விழுகிறது. ஐயர் பாதி மறைக்கிறார், வீடியோக்காரர் மீதியை மறைக்கிறார். நமக்குக் கிடைப்பது சில நொடிகள். ஃபுல் ஃபிரேம் பாடியில் 85 லென்ஸோடு மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 1.4இல் அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் சுமார் 10 சென்டிமீட்டர். மாப்பிள்ளை முகத்துக்கும் பெண்ணின் முகத்துக்கும் நடுவே முன்பின்னாக ஒரு சாண் இடைவெளி சாதாரணமாக இருக்கும். ஆகவே இருவரில் ஒருவர்தான் தெளிவாக வருவார். எஃப் 4க்கு வந்தால் ஆழம் 29 சென்டிமீட்டர், இருவரும் உள்ளே வந்துவிடுவார்கள். எஃப் 5.6 என்றால் 40 சென்டிமீட்டர், நாத்தனாரும் வந்துவிடுவார். அல்லது எஃப் 4இலேயே ஒரு மீட்டர் பின்னால் போனால் அரை மீட்டருக்கும் மேல் ஆழம் கிடைக்கும்.

இதில் எங்கே தேவைப்பட்டது அந்த எஃப் 1.4?

ஆல்பம் கைக்கு வந்த அன்று அந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். பக்கத்தைப் புரட்டும்போது யாரும் பின்னணி எவ்வளவு அழகாகக் கரைந்திருக்கிறது என்று பேசுவதில்லை. "மூணாவது முடிச்சு போட்டது நான், என் மொகமே தெரியலையே" என்று நாத்தனார் கேட்பார். "பின்னாடி கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிக்கிறது எங்க அப்பாவா?" என்று பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பாள். சில வருடம் கழித்து அந்த அப்பா இல்லாமல் போனால், அந்த மங்கலான உருவத்தை யாராலும் திரும்பத் தெளிவாக்கித் தர முடியாது. கல்யாண ஆல்பம் என்பது இரண்டு பேரின் படம் மட்டும் கிடையாது, வந்திருந்தவர்களின் சாட்சியமும் அதில்தான் இருக்கிறது. பின்னால் நிற்கும் சொந்தக்காரர்களை வண்ணப் புள்ளிகளாக்கிவிட்டு அதைக் கலை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

"தனி முகம் எடுக்கும்போதாவது 1.4 வேண்டாமா?" என்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டரில் எஃப் 1.4இன் ஆழம் நாலரை சென்டிமீட்டர். எஃப் 1.2 என்றால் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. பெண்ணின் இமையில் ஃபோக்கஸ் விழுந்தால் ஜிமிக்கி போய்விடும். நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியும் ஜிமிக்கியும் சேர்ந்துதான் அந்த முகம் அன்றைக்குக் கல்யாணப் பெண்ணின் முகமாகிறது. ஒவ்வொரு நகையையும் அந்த வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். எஃப் 4இல் ஆழம் 12 சென்டிமீட்டரைத் தாண்டும், ஏறக்குறைய முழு முகமும் அடங்கும். 85 மி.மீ. நீளத்தில், பின்சுவர் நாலைந்து மீட்டர் தள்ளி இருந்தால் எஃப் 2.8இலும் பின்னணி தாராளமாகவே மங்கும். எஃப் 1.8 லென்ஸில் 1.8 வரை போகலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். 1.4இல் நாலரை சென்டிமீட்டர் என்றால் 1.8இல் ஐந்தே முக்கால். இந்த ஒன்றேகால் சென்டிமீட்டருக்காகத்தான் மூன்று மடங்கு விலை.

மூன்று மடங்கு என்பது மிகை கிடையாது. சோனியின் 85 எஃப் 1.8 2017இல் வந்தபோது அமெரிக்காவில் சுமார் 550 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 85 எஃப் 1.4 ஜி மாஸ்டர் 1,800 டாலர். நிக்கானின் மிரர்லெஸ் வரிசையில் 2019இல் வந்த 85 எஃப் 1.8 எஸ் 800 டாலர், 2023இல் வந்த எஃப் 1.2 எஸ் 2,800 டாலர். சோனியின் இரண்டு லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை ரூபாயாக்கினாலே லட்சத்தைத் தாண்டும்.

சரி, பெரிய லென்ஸை வாங்கிவிட்டு எஃப் 4 வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு பதில் வரும். தாராளமாக வைக்கலாம். ஆனால் எஃப் 4இல் எடுத்த படத்தை 12×36 ஆல்பத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் எது 1.4 லென்ஸ், எது 1.8 லென்ஸ் என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? 24 மெகாபிக்சல் படம் 6000×4000 புள்ளிகள். ஆல்பத்தின் ஒரு பக்கம் 12×18 அங்குலம். அதை முழுதாக நிரப்பினாலும் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் கிடைக்கின்றன. இரண்டு லென்ஸும் எஃப் 4இல் அந்த அச்சுக்குத் தேவையானதைவிடக் கூர்மையாகவே தருகின்றன. மீதி வித்தியாசம் கணினியில் இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்குத்தான். பெண் வீட்டில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அடுத்தது வெளிச்ச வாதம். இதுதான் அவர்களுடைய பலமான வாதம், ஆகவே கொஞ்சம் நின்று பேச வேண்டும். எஃப் 1.4 உள்ளே விடும் வெளிச்சம் எஃப் 1.8 விடுவதைப்போல ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. கேமரா கணக்கில் மூன்றில் இரண்டு ஸ்டாப். அதாவது ஒருவர் ஐ.எஸ்.ஓ. 1600 வைக்கும் இடத்தில் மற்றவர் 2500 வைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த இரைச்சலை அச்சில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மேலும் இன்றைய மேடை இருட்டாக இருப்பதில்லை. வீடியோக் குழு இரண்டு பக்கமும் எல்.இ.டி. பேனலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. எஃப் 4, ஷட்டர் 1/160, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 என்று பெரும்பாலான மேடைகள் முடிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தை இந்த வாதம் கணக்கிலேயே எடுப்பதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான அலங்கார விளக்குகளும் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கிடைத்த கூடுதல் வெளிச்சத்தை வைத்து ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் ஒரு ஃபிரேம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் இன்னொன்று குறுக்கே கறுப்புப் பட்டையோடும் வரும். அந்த மாதிரி மண்டபத்தில் 1/100ஐ ஒட்டியே நிற்க வேண்டியிருக்கிறது. அகலமான லென்ஸ் கொடுத்த வெளிச்சத்தை ஷட்டர் வேகத்துக்குச் செலவழிக்க அங்கே வழியே இல்லை.

உண்மையிலேயே இருண்ட இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. விடியற்காலைக் கோயில் கல்யாணம், டி.ஜே. விளக்கு மட்டும் சுழலும் ரிசப்ஷன். அங்கே வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு மூன்றில் இரண்டு ஸ்டாப்பைவிட ஒரு ஃபிளாஷும் அதைத் தள்ளி நிறுத்த ஒரு ட்ரிகரும் பல மடங்கு பயன் தரும். மண்டபத்துக் கூரை உயரம், மேலே அடித்துத் திருப்ப முடியாது. ஆகவே தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட், ஒரு சிறிய குடை. இந்த நான்கும் சேர்ந்து பெரிய லென்ஸின் விலையில் சிறு பங்குதான்.

ஃபோக்கஸ் வேகத்துக்கு வருவோம். விலை கூடினால் வேகமும் கூடும் என்பது இயல்பான எண்ணம். இந்த வகை லென்ஸில் பல சமயம் நேர்மாறாக நடக்கிறது. வாய் அகலமாக அகலமாகக் கண்ணாடியின் எடை கூடுகிறது, மோட்டார் அந்த எடையை நகர்த்த வேண்டும். 2006இல் வந்த கேனன் 85 எஃப் 1.2 இரண்டாம் பதிப்பின் எடை ஒரு கிலோவுக்கு மேல். முகத்தில் மெழுகுபோல இறங்கும் அதன் மங்கலைப் புகழாதவர் இல்லை, அதன் ஃபோக்கஸ் மெதுவானது என்பதும் அதை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். அதே கேனன் 1992இல் வெளியிட்ட 85 எஃப் 1.8 யு.எஸ்.எம். 425 கிராம்தான், சட்டென்று பிடிக்கும். நிக்கானின் 85 எஃப் 1.8 ஜி 350 கிராம், எஃப் 1.4 ஜி 595 கிராம். சோனியில் 371 கிராமுக்கு எதிராக முதல் ஜி மாஸ்டர் 820 கிராம். விடிகாலை நாலு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மதியப் பந்தி வரை கழுத்திலும் தோளிலும் தொங்கப்போகும் எடை இது. களைத்த கை நடுங்கும், நடுங்கிய படத்தை எந்த அப்பர்ச்சரும் காப்பாற்றாது.

எஃப் 1.8 லென்ஸ்களுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கேனன் 85 எஃப் 1.8ஐ முழுதாகத் திறந்து எடுத்தால் பட்டுப்புடவையின் ஜரிகை ஓரத்திலும் வைரக் கம்மலிலும் ஊதாக்கோடு விழும். எஃப் 2.8க்கு மூடினால் பெரும்பாலும் போய்விடும், மிச்சத்தை லைட்ரூமில் ஒரு சொடுக்கில் எடுக்கலாம். பின்னணி விளக்குகள் எஃப் 1.4 லென்ஸில் இன்னும் மென்மையாக உருளும், அதுவும் உண்மை. ஆனால் நம்பகம் என்ற சொல்லை இந்தப் பேச்சில் எல்லோரும் இந்த நுணுக்கங்களுக்கே பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கல்யாணத்தில் நம்பகம் என்றால் என்ன? தாலி கட்டும் நேரத்தில் கேமரா திரையில் எர்ரர் வந்து நின்றால், அடுத்த நொடி கையில் இன்னொரு கேமரா இருக்க வேண்டும். கார்டு கெட்டுப்போனால் இரண்டாவது கார்டில் அதே படம் இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒரு குழந்தை ஸ்டாண்டைத் தட்டி லென்ஸ் கீழே விழுந்தால் பையில் வேறொரு லென்ஸ் இருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு ரீடேக் கிடையாது. ஒரே பாடி, அதன் மேல் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸ், மாற்றுக்கு ஒன்றுமில்லை என்று மேடை ஏறுகிறவர் ஆபத்தான ஆள். பழைய பாடிகள் இரண்டு, 85 எஃப் 1.8 ஒன்று, 35 அல்லது 50 எஃப் 1.8 ஒன்று, ஃபிளாஷ் இரண்டு, போதுமான கார்டுகள் என்று வருகிறவரிடம்தான் என் வீட்டுக் கல்யாணத்தைக் கொடுப்பேன். அவர் எஃப் 1.4 லென்ஸின் விலைக்குள் இதில் பெரும்பகுதியை வாங்கியிருப்பார்.

பணக் கணக்கை நம் நாள்காட்டியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், இதை அறிவுரை சொல்கிறவர்கள் பார்ப்பதே இல்லை. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் குவியும். மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணமே கிடையாது, புரட்டாசியைத் தவிர்க்கும் குடும்பங்களும் நிறைய. தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது, மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் கை வைத்துவிடும். அந்தச் சமயத்தில் கட்ட முடியாமல் லென்ஸையே பாதி விலைக்கு விற்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எடுத்த படங்களில் குறை இருந்ததில்லை. கடனைக் கட்டுவதற்காகக் கிடைத்த ஆர்டரையெல்லாம் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, ஒரே முகூர்த்த நாளில் இரண்டு மண்டபத்துக்கு ஓடி, ஆல்பத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களைக் கெடுத்தது அந்த அறிவுரைதான் என்பேன்.

"பார்ட்டி லென்ஸைப் பார்த்துத்தான் மதிப்பாங்க" என்பது இன்னொரு வாதம். பெரிய கண்ணாடி, சிவப்பு வளையம், தங்க வளையம் தெரிந்தால் மரியாதை கூடுமாம். அந்த மரியாதை மண்டபத்தில் ஒரு நாள் இருக்கும். அடுத்த ஆர்டர் வருவது ஆல்பத்தைப் பார்த்த சித்தியிடமிருந்தும் மாமா மகளிடமிருந்தும்தான். அவர்கள் லென்ஸைப் பார்த்ததே இல்லை. பெரிய 85 லென்ஸை நீட்டியபடி அருகில் போனால் கூச்சத்தில் முகம் இறுகிவிடும் பெண்களும் பெரியவர்களும் ஏராளம். சிறிய லென்ஸ் அந்தக் கூச்சத்தைக் குறைக்கிறது என்பது என் அனுபவம். கேண்டிட் என்ற பெயருக்கு அதுதான் அவசியம்.

70-200 எஃப் 2.8 இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல லென்ஸ், சர்ச் கல்யாணத்தில் பின்வரிசையிலிருந்து எடுக்க அதற்கு இணை இல்லை. கேனனின் இரண்டாம் பதிப்பு ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அப்படி ஒரு ஆர்டர் வந்தால் நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு அந்த வாடகையை ஆர்டர் தொகையில் சேர்த்துவிடலாம். சொந்தமாக வாங்க அவசரம் இல்லை.

85 என்ற எண்ணே எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்ஜெட்டில் தொடங்கும் பலரிடம் இருப்பது கிராப் சென்சார் பாடி. அதில் 85 போட்டு, நிற்கும் ஜோடியைத் தலைமுதல் கால்வரை எடுக்க ஏழு மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். மணமகள் அறையில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? 50 எஃப் 1.8 போட்டால் நாலேகால் மீட்டரில் முடிந்துவிடும். முகத்தின் அமைப்பு அழகாக வருவதை லென்ஸின் எண் தீர்மானிப்பதில்லை, நாம் நிற்கும் தூரம் தீர்மானிக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 50ஆக இருந்தாலும் 85ஆக இருந்தாலும் மூக்கும் காதும் ஒரே விகிதத்தில்தான் விழும். ஆகவே கிராப் பாடிக்காரர் 50 எஃப் 1.8 வாங்குவது சரியான முடிவு. ஆனால் கேனனில் 1990இல் வந்த பிளாஸ்டிக் மவுன்ட் இரண்டாம் பதிப்பைத் தவிர்க்கலாம். மங்கலான வெளிச்சத்தில் அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், கரகரவென்று சத்தம் வேறு. 2015இல் வந்த எஸ்.டி.எம். பதிப்பில் உலோக மவுன்ட்டும் அமைதியான மோட்டாரும் உண்டு, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. மலிவு என்பதற்காக எதையும் வாங்கு என்று நான் சொல்லவில்லை, இந்த இடத்தில்தான் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குவது தவறு என்ற பயமும் இதே கூட்டத்தில்தான் பரப்பப்படுகிறது. மிரர்லெஸுக்கு மாறுகிறவர்கள் நல்ல நிலையில் உள்ள பழைய 85 எஃப் 1.8களை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். பார்த்து வாங்கத் தெரிந்தால் அதைவிட நல்ல பேரம் இல்லை. லென்ஸைக் கழற்றிக் கையில் வாங்கி, கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கேனன் என்றால் அப்பர்ச்சர் திறந்தே இருக்கும். நிக்கான் எஃப் மவுன்ட் கழற்றியதும் மூடிக்கொள்ளும், பின்னாலுள்ள சிறு நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்துத்தான் உள்ளே பார்க்க முடியும். கண்ணாடிக்குள் மெல்லிய வெள்ளைக் கிளைகள் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் இது சகஜம். இரண்டொரு தூசி இருந்தால் பாதகமில்லை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பு இருக்கக் கூடாது. பிறகு உங்கள் சொந்த பாடியில் மாட்டி, ஒரு தினசரித்தாளைச் சாய்த்து வைத்து, எஃப் 1.8இல் ஒரே வரியைக் குறிவைத்து வெவ்வேறு தூரத்திலிருந்து எடுங்கள். குறிவைத்த வரிக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வரி தெளிவாக வந்தால், அந்த ஜோடி ஒத்துவரவில்லை. ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். பாடிகளில் அதைச் சரிசெய்யும் வசதி கிடையாது. மிரர்லெஸில் சென்சாரே ஃபோக்கஸ் பார்ப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. 85 எஃப் 1.8 டி என்ற பழைய லென்ஸ் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், படமும் நன்றாக வரும். அதற்குள் மோட்டார் இல்லை, பாடியில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டார் கிடையாது, மிரர்லெஸுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரிலும் கிடையாது. கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டியிருக்கும். 2012இல் வந்த ஜி பதிப்பு என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. கேனனில் பழைய 85 எஃப் 1.8 அடாப்டரோடு ஆர் வரிசைப் பாடிகளில் கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. ஆர்.எஃப். வரிசையில் 2020இல் வந்த 85 எஃப் 2 மேக்ரோ நல்ல கூர்மை, மெட்டியையும் மருதாணியையும் அருகில் போய் எடுக்கலாம். ஆனால் ஃபோக்கஸ் நிதானமானது. நடந்து வருகிறவர்களை எடுக்கப் பழைய லென்ஸையே நம்புவேன்.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது: "எப்படியும் ஒரு நாள் பெரியதுக்குத்தான் போகப் போற, ரெண்டு தடவை ஏன் செலவு பண்ணணும், இப்பவே வாங்கிடு." ஒரு நாள் போகப்போகிறோமா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. இரண்டு மூன்று சீசன் எஃப் 1.8ஓடு வேலை செய்துவிட்டு லைட்ரூமில் அப்பர்ச்சர்வாரியாக வடிகட்டிப் பாருங்கள். ஆல்பத்துக்குப் போன படங்களில் எத்தனை 1.8இல் எடுத்தவை, எத்தனை 2.8க்கு மேல் என்று தெரிந்துவிடும். பெரும்பங்கு 1.8இலேயே குவிந்திருந்து, அதற்கும் கீழே போக முடியாமல் தவித்ததாக உங்களுக்கே தோன்றினால், கையில் காசு சேர்ந்த ஒரு ஆவணியில் எஃப் 1.4 வாங்குங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். எஃப் 1.8ஐ அன்றைக்கு விற்கவும் வேண்டாம், இரண்டாவது பாடியில் மாட்டிக்கொள்ளலாம். அதுவரை அந்த லட்ச ரூபாயை முதலில் இரண்டாவது பாடிக்கும், அடுத்து ஃபிளாஷுக்கும், பிறகு படங்களை இரண்டு இடத்தில் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் இந்த வரிசையிலேயே செலவழியுங்கள்.